உன் பள்ளியில் குத்துவிளக்கேற்ற வரமாட்டேன்

பெற்ற மகன் உன்னை நைனா என்று கூப்பிட்டுத்தான் எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவை அந்த வார்த்தை கைக்கு வரவில்லை. வராத வார்த்தையை வலுக்கட்டாயமாக எழுதவும் மனசில்லை. உன் பள்ளித் திறப்பு விழாப் பத்திரிகை வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள், தங்க நிற எழுத்து. திருவள்ளூரில் இரண்டாவது கிளை திறக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலை குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று என் பெயரைப் போட்டு, அதன் கீழே 'முன்பருவக் கல்வியில் முப்பது ஆண்டு அனுபவம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் முப்பது வருஷத்தை எடுத்து உன் விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டாய். அதற்கும் கீழே, 'முழுமையான குழந்தை வளர்ச்சியே எங்கள் மூச்சு.' அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வரமாட்டேன். வராமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவும் மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் பள்ளியை நம்பிப் பிள்ளையை விட்டிருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன். ஒரு தாயையும் மகளையும் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர்கள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றது எல்லாம் நடந்தது நடந்தபடி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் காலனியில் நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊர் வாயில் பால்வாடி டீச்சர். இரும்புக் கம்பெனிக்கும் ரசாயனக் கம்பெனிக்கும் ஷிப்டு ஷிப்டாக ஓடுகிறவர்களின் பிள்ளைகள் என்னிடம் வரும். இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. நீயும் அந்த ஒற்றை அறையில்தான் தவழ்ந்தாய், நடந்தாய், சத்துமாவு உருண்டையைச் சுவரில் அப்பினாய். பிறகு படித்தாய். கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேரும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தாய். அதை விட்டுவிட்டு நீ மழலையர் பள்ளி ஆரம்பித்தபோது நான் காலனி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். பால்வாடி டீச்சர் பையன் என்பதால்தான் முதல் வருஷம் உனக்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், அதை நீ மறந்திருக்கலாம். ஜெனியையும் நான்தான் அனுப்பினேன். அவள் அம்மா மேரி, பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை செய்கிறவள், என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள். "டீச்சர், உங்ககிட்ட நல்லாத்தான் கீறா. ஆனா இங்கிலீஷ் ஓணும்ல? நம்மள மாதிரி பாக்ஸ் ஒட்டிக்கினு கெடக்கக்கூடாதுல்ல?" என்றாள். "என் பையன் ஸ்கூல்தான், தைரியமா சேரு" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

ஜெனிக்கு மூன்றரை வயது. என் மையத்தில் அவள் இருந்தவரை எங்களுக்கு ஒரு நிமிஷம் வாய் ஓயாது. 'இன்னா' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு உலகத்தையே குடைந்தெடுப்பாள். "இது இன்னா?" என்று தராசைக் காட்டுவாள். "முட்டைக்குள்ள இன்னா கீது?" என்பாள். உரித்துக் காட்டினால், "அந்த மஞ்சாக்குள்ள இன்னா?" என்பாள். கம்பெனிச் சங்கு ஊதினால், "அத்த இன்னாத்துக்கு அழ வுடுறாங்க?" என்பாள். மையத்தில் சமைக்கிற ஆயா அம்மாவுக்குச் சில நாள் பேஜாராகிவிடும், "வாயை மூடேன்டி என் தாயே" என்று கும்பிடுவார். எனக்கு மட்டும் அந்தக் கேள்விகள் பால் குடித்த மாதிரி இருக்கும். மூன்று வயதில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு என்று ஒன்று இருக்குமானால் அது கேட்பதுதான். அ, ஆ பிறகு வரும். ஏபிசிடியும் பிறகு வரும். கேட்கிற பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளும், கேட்பதை விட்டுவிட்ட பிள்ளைக்கு நீ தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் உள்ளே இறங்காது. இதற்கு எனக்குப் பட்டம் ஒன்றும் இல்லை, முப்பது வருஷம் தரையில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

உன் பள்ளிக்குப் போய் இரண்டு மாதம் இருக்கும். சந்தைக்குப் போகும் வழியில் ஜெனியைப் பார்த்தேன். டை கட்டி, ஷூ போட்டு, தலையை இழுத்துச் சீவி, சின்ன ஆபீசர் மாதிரி இருந்தாள். "இன்னாடி வாயாடி?" என்றேன். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். மேரிக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்போல்லாம் ரொம்ப அமைதி டீச்சர். மிஸ் சொல்றாங்க, கிளாஸ்லயே அவதான் குட் கேர்ளாம்" என்றாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் பேசாமல் வந்துவிட்டேன், மகன் பள்ளியைப் பற்றி நடுத்தெருவில் எப்படிப் பேசுவது என்ற மானம் வந்து வாயை அடைத்துவிட்டது. அன்றைக்கே கேட்டிருந்தால் அந்தக் குழந்தை பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். அந்தத் தப்பை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

அடுத்த வாரம் மேரி காலை ஷிப்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னான்னே தெரியல டீச்சர். ஒண்ணுக்கு வந்தா எரியுதுன்னு காலை இறுக்கிக்கினு நிக்கிறா, கத்துறா. சூடு பிடிச்சுக்கிச்சுன்னு எளநீ குடுத்தேன், வெந்தயம் ஊற வச்சுக் குடுத்தேன். இப்போ ஜுரம் அடிக்குது." குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா பரிசோதனை எழுதிக் கொடுத்து, முடிவைப் பார்த்துவிட்டு, "சிறுநீர்ப் பாதையில் தொற்று. பிள்ளை ரொம்ப நேரம் அடக்கி வைக்கிறாளா? தண்ணி குடிக்கிறாளா?" என்று கேட்டார். நான் மேரியிடம் திரும்பி, ஸ்கூலிலிருந்து தண்ணி பாட்டில் எப்படி வருகிறது என்று கேட்டேன். "ரொப்பி அனுப்புனது அப்படியே வருது டீச்சர். சிந்தாம சமத்தா வச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும், போக வேண்டுமென்றால் மிஸ்ஸிடம் இங்கிலீஷில் கேட்க வேண்டும், கேட்க அவளுக்கு அந்த இங்கிலீஷ் தெரியாது. மூன்றரை வயதுக் குழந்தை தானே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். குடிக்காமலே இருந்துவிடுவது. உன் பள்ளியில் அவள் சொந்த மூளையைப் பயன்படுத்தியது அந்த ஒன்றுக்குத்தான்.

உன்னிடம் வர மேரிக்குப் பயம். "சார் கோவிச்சுக்கினு டி.சி. குடுத்துட்டா?" என்றாள். அதனால் நான் வந்தேன். உன் அறை ஜில்லென்று இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு நீ பதறுவாய் என்று நினைத்தேன், நீ சிரித்தாய். "மா, அது ரூல். 'மே ஐ கோ டு டாய்லெட்'னு கேட்டா அடுத்த செகண்டு அனுப்புவாங்க. தமிழ்ல கேட்டா மிஸ் காதுல வாங்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லிக்கீறேன். அப்போதான் சீக்கிரம் கத்துக்குவாங்க. பேரண்ட்ஸ் அதுக்குத்தான் வராங்க" என்றாய். பிறகு வகுப்பறையைக் காட்டும் கேமரா பெட்டியை என் பக்கம் திருப்பி, "பாரு, எவ்ளோ டிசிப்ளினா உக்காந்துகினு கீறாங்க" என்று பெருமையாகக் காட்டினாய். பார்த்தேன். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், எல்லோர் வாயிலும் விரல். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் தொடையோடு தொடையை ஒட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். "அவனுக்கு வருது, அவன அனுப்புடா" என்றேன். "கேக்கட்டும்" என்றாய். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் ஆடுவதை நிறுத்திவிட்டான். அவனுக்குக் கீழே தரையில் என்ன ஆனது என்று உன் பெட்டியில் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

நான் கத்தினேன் என்று உன் வாசல் காவலாளி வரை தெரியும். நீயும் விடவில்லை. "நீ முப்பது வருஷமா முட்டையும் சத்துமாவும் குடுத்துகினு இருந்த. அது ஆயா வேலைமா. நான் குடுக்கிறது எஜுகேஷன். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத" என்றாய். ஆயா வேலை என்பதை வசவாகச் சொன்னாய். அந்த ஆயா வேலையில்தான் உன் மூக்கைத் துடைத்தேன், உன் ஃபீஸைக் கட்டினேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நீ சொன்னதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. "அடக்கிக்கத் தெரியணும்மா. நானும் அடக்கிக்கினுதானே வளந்தேன்? எனக்கு இன்னா ஆயிடுச்சு?" என்றாய். நான் எழுந்து மாடிப்படி இறங்கி வந்துவிட்டேன். அம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்திருப்பாய். தோற்கத்தான் செய்தேன், ஆனால் உன்னிடம் இல்லை.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீயும் ஒரு காலத்தில் ஜெனி மாதிரிதான் இருந்தாய். நாலு வயதில் என் மையத்தில் உன் வாய்க்கு எல்லை கிடையாது. மையத்தைப் பார்வையிட ஒரு ஆபீசர் அம்மா வந்தார், கொஞ்சம் பருமனானவர். நான் நோட்டுகளை அடுக்கி வைத்துக் கைகட்டி நிற்கிறேன். நீ நேரே அவர் முன்னால் போய் நின்று, "உன் வயித்துல பாப்பா கீதா?" என்று கேட்டாய். அவர் முகம் சுருங்கியது. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் போனதும் உன் தொடையில் நிமிண்டினேன், கன்றிப்போகும் அளவுக்கு. அதன் பிறகு யார் வந்தாலும் வாயில் விரலை வைத்து உட்காரப் பழக்கினேன். விளையாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தேன், முதலில் விரல் வைப்பவனுக்குக் கைதட்டல். நீதான் எப்போதும் முதல். உன் பள்ளியில் பிள்ளைகள் வாயில் வைத்திருக்கிற அந்த விரல் நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதோடு நிற்கவில்லை. ஒன்றாம் வகுப்பு சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஈர டவுசரோடு வீட்டுக்கு வந்தாய். தெருவே பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா டீச்சர், ஊர்ப் புள்ளைங்களுக்குச் சொல்லித்தரீங்க, உங்க புள்ள இப்படியா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். நீ அழுதுகொண்டே, "கேட்டேன்மா. சார் கை கட்டி உக்காருன்னாருமா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்போ அடக்கிக்கினு இருந்திருக்கணும்" என்றேன். அடித்த அடி உனக்கு மறந்திருக்கலாம், சொன்ன சொல் மறக்கவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாயே, சொல்கிறேன். அன்றைக்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டாய், பசித்தால் சொல்லமாட்டாய். கம்பெனியில் கை வெந்து ஒரு வாரம் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், "வாயத் தொறக்காததாலதான் என்னைய டிரெயினிங் குடுக்குற வேலையில போட்டாங்க" என்று அதைப் பெருமையாக வேறு சொன்னாய். உனக்கு ஆனது அதுதான். அதைச் செய்தவள் நான். ஊரில் நூறு பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் வாய் கொடுத்துப் பேசவைத்தவள், பெற்ற பிள்ளையின் வாயை அடைத்தேன். இதற்கு மன்னிப்பு உன்னிடம் தனியாகக் கேட்க வேண்டும், கேட்பேன். ஆனால் அதைக் காட்டி நீ தப்பிக்க முடியாது. நான் ஒரு பிள்ளைக்கு ஆத்திரத்தில் செய்ததை நீ அறுபது பிள்ளைகளுக்கு விதியாக எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறாய்.

மருந்தில் ஜெனிக்குக் காய்ச்சல் விட்டது. மேரி அவளை மறுபடி என் மையத்துக்கே கொண்டுவந்து விட்டாள். டை இல்லை, ஷூ இல்லை, ஆனால் பழைய ஜெனியும் இல்லை. எட்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. தராசுப் பக்கம் போகவில்லை, முட்டையைக் கொடுத்தால் கேள்வி இல்லாமல் தின்றாள். தண்ணீர் மட்டும் டம்ளர் டம்ளராக நானே கொடுத்துக் குடிக்க வைத்தேன், மணிக்கு ஒருமுறை நானே கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஒன்பதாம் நாள் மதியம், பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். என் புடவையை யாரோ இழுத்த மாதிரி இருந்தது. ஜெனி. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். "மிஸ், மே ஐ கோ டு டாய்லெட்?" என்றாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தில் புத்தி கெட்டுப்போயிற்று. பேசிவிட்டாள் என்ற ஒன்றுதான் காதில் விழுந்தது. "ஆயாம்மா, ஓடி வாங்க, ஜெனி பேசிட்டா, நம்ம ஜெனி பேசிட்டா" என்று நான் கூவுகிறேன், ஆயா அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வருகிறார், இரண்டு பேரும் சிரிக்கிறோம். போ என்று சொல்ல மறந்துவிட்டேன். கழிவறைக் கதவு ஐந்தடி தூரத்தில் திறந்தே கிடக்கிறது. இதே பிள்ளை நாலு மாதம் முன்னால் யாரையும் கேட்காமல் குடுகுடுவென்று ஓடிப் போய்விட்டு வந்து கதையடிப்பவள். இப்போது உத்தரவுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் குனிந்து பார்ப்பதற்குள் கால் வழியே இறங்கிவிட்டது. அவள் அழவில்லை. ஈரத்தில் நின்றபடியே கைக்கட்டை அவிழ்த்து, ஒரு விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன், ஆயா அம்மாவும் அழுதார். இங்கிலீஷ் வந்துவிட்டது பார், உன் பயிற்சி பலித்துவிட்டது. முழுமையான வளர்ச்சி என்று போட்டிருக்கிறாயே, முழுமை என்றால் மூத்திரப்பையையும் சேர்த்துத்தான்.

உனக்குப் புத்தி சொல்லி இதை முடிப்பேன் என்று எதிர்பார்க்காதே. பிள்ளைக்கு எப்போது வருகிறதோ அப்போது எழுந்து போகட்டும், எந்தப் பாஷையில் வருகிறதோ அந்தப் பாஷையில் கேட்கட்டும், இதற்கு மேல் உனக்குச் சொல்ல என்னிடம் பாடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று அந்த விதியை எடுத்துவிட்டதாக நீ அறிவித்தாலும் நான் நம்பமாட்டேன். கைதட்டல் அடங்கியதும் மறுபடி மாட்டுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி நானும் திருவள்ளூருக்கு வருகிறேன், உன் பள்ளிக்கு இல்லை, கலெக்டர் ஆபீசுக்கு. குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கிற வரிசையில் நிற்பேன். மேரியின் பெயர் அதில் எங்கும் வராது. புகார் கொடுப்பவள் நான் மட்டும்தான். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் பெற்ற பிள்ளை மேலேயே மனுவா என்று ஆயா அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சினார். மூன்றாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், கையை விட்டுவிட்டார்.

மனுவை நேற்று என் கையாலேயே எழுதினேன். நடந்ததை எழுதுவதற்கு நேரம் ஆகவில்லை. யார் மீது புகார் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. உன் அப்பா நம்மை விட்டுப் போன வருஷம், உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது இனிஷியல் என்ன என்று கேட்டார்கள், நான் என் பெயரின் முதல் எழுத்தைக் கொடுத்தேன். நீயும் இன்றுவரை அதைத்தான் போட்டுக்கொள்கிறாய். புகாருக்கு ஆளானவர் என்ற இடத்தில் அந்த எழுத்தை முதலில் எழுதினேன், பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன், அதற்குப் பிறகுதான் உன் பெயரை எழுதினேன்.